எட்டு முழம்

வலது பக்கம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், காந்திமதி இன்னும் மெடல்களை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஏழு மெடல்கள், ஒரே பட்டையில் நெருக்கி வரிசையாகத் தைத்தவை, கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள், எடுத்து மடியில் வைத்ததும் பட்டுப்புடவை அந்த இடத்தில் குழிந்துபோயிற்று, உறங்குகிற பூனையைத் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி ஒரு கனம். முதலில் இருப்பது வீர் சக்ரா. பாதி கருநீலம், பாதி காவி, நாடா ஓரம் நைந்துவிட்டதால் போன வருஷம் அவளே மாற்றித் தைத்தாள், காவி எந்தப் பக்கம் என்று கேட்டதற்குப் புருஷன் ஆவுடையப்பன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "எந்தப் பக்கம் வச்சாலும் சண்டை முடிஞ்சு போச்சு காந்தி" என்றார். பந்தல் வெள்ளை, நாற்காலி உறை வெள்ளை, ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் நீல நாடாவில் பூ முடிச்சு. டிசம்பர் நாலு, கடற்படை தினம். பாளையங்கோட்டையிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் வந்தால் பனையும் செம்மண்ணுமாகக் கிடக்கிற பொட்டலுக்கு நடுவில் இந்தக் கடற்படை நிலையம், கடல் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை. முதல்தடவை இங்கே வந்தபோது அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, தண்ணி இல்லாத இடத்துலதான் நேவிக்காரன் பத்திரமா இருப்பான் என்றார், கூட வந்த அதிகாரிக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் இருந்தால் இந்நேரம் பந்தல்காரனையும் பாண்டு வாத்தியக்காரனையும் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். அவர் இல்லை. அதனால்தான் அந்தப் பெண், லெப்டினன்ட் ஷெரின், நாகர்கோவிலாம், குனிந்து மரியாதையாகச் சொன்னாள்: "மேடம், சார் வரல இல்லியா, அவங்க மெடலை நீங்க போடுறதா இருந்தா வலது பக்கம் குத்திக்கணும். அதுதான் முறை." முறை காந்திமதிக்குத் தெரியும். இடது மார்பு மெடலை வாங்கினவனுக்கு. வலது மார்பு, அவன் போன பிறகு அவனுக்காகப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு. இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒன்பது பெண்களில் எட்டுப் பேருக்கு வலது பக்கம்தான் மின்னிக்கொண்டிருந்தது.

இப்போது மணி ஒன்பது இருபது. ஒன்பது மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். நேற்று முன்தினம் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதிக் கன்னத்தில் நுரையோடு சரிந்து விழுந்தார், கேட்டால் வழுக்கிவிட்டது என்று சாதித்தார், ஆஸ்பத்திரியில் கம்பிகளை ஒட்டிப் பார்த்ததில் இதயம் நடுநடுவே நாலு விநாடி நின்று நின்று ஓடுகிறது என்றார்கள். பேஸ்மேக்கர் வைக்க வேண்டும். ஒரு மணி நேர வேலைதான், மயக்கம்கூடக் கொடுக்க மாட்டோம், மரத்துப்போக ஊசி மட்டும் போடுவோம் என்று டாக்டர் சொன்னார், சொல்லிவிட்டு ஃபைலை மூடும்போது, எண்பத்து நாலு வயசு, அதனால கொஞ்சம் பாக்கணும் என்றார். கொஞ்சம் பாக்கணும். எதைப் பார்க்க வேண்டும்? எவ்வளவு கொஞ்சம்? வருகிற வழியெல்லாம் அந்த இரண்டு சொல் கார்ச் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே வந்தது. வராமலே இருந்திருப்பாள். அவர் விடவில்லை. "நீ அந்தக் கதவுகிட்ட உக்காந்து என்ன செய்யப் போற? எழுபத்தொண்ணுல கதவுகிட்டயா உக்காந்திருந்தே? போயிட்டு வா. மெடலைப் போட்டுக்க. சாப்பாடு நல்லாருக்கும், கேசரி உண்டு." நர்ஸ் வந்து அவருடைய வேட்டியை அவிழ்க்கச் சொல்லி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியைக் கையில் கொடுத்தபோதுதான் அவர் முகம் முதல்முறையாக வாடியது. ஆழ்கடலுக்குள் முப்பத்து நாலு நாள் கிடந்த மனுஷன், முதுகு தெரிகிற சட்டைக்குப் பயந்தார். "சின்னப் பொண்ணு, வேட்டி மேல இந்தச் சட்டையைப் போட்டுக்கிடுதேன், ஒருத்தருக்கும் தெரியாது" என்று நர்ஸிடம் பேரம் பேசினார். அவள் மசியவில்லை. வேட்டியை நாலாக மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மகள் பூரணி அங்கே இருக்கிறாள். செய்தி இருந்தால் போன் செய்வாள். ஆனால் போனை இங்கே வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதுவும் முறைதான், பதிலுக்கு ஒரு பித்தளை வில்லை கொடுத்தார்கள், பதினேழு என்று எண் போட்டது, அதை இடது கையில் இறுக்கிப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் பதினேழு என்று தலைகீழாக அச்சு விழுந்திருந்தது.

செய்தி இல்லாமல் இருப்பது அவளுக்குப் புதிதா என்ன. நீர்மூழ்கிக்காரன் பெண்டாட்டிக்கு அதுதானே பழக்கம். மற்றக் கப்பல்காரர்களின் மனைவிமார்களுக்கு ஏதாவது ஒரு மூலையிலிருந்து ஏதாவது தெரியும், இந்தத் துறைமுகத்தில் பார்த்தார்களாம், அந்த இடத்தில் எண்ணெய் போட்டார்களாம் என்று. தண்ணீருக்குள் போனவனை யார் பார்ப்பது. பம்பாயில் எழுபத்தொன்று நவம்பர் பாதியில் அவர் மூன்று நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார், சோப்புப் பெட்டியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, அங்கே குளிக்கத் தண்ணீர் கிடையாது. அவளுக்கு இருபத்து மூன்று வயது. சண்டை வந்ததும் ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பழுப்புத் தாள் ஒட்டினாள், பசை காய்ச்சிய சட்டியில் மறுநாள் ரசம் வைத்தாள், ரசம் குழம்பாக வந்தது. அதைவிடப் பெரிய கூத்து அதற்கு ஒரு வருஷம் முன்பு நடந்தது. நீர்மூழ்கியில் முதல்முறை ஆழம் போகிறவன் அந்த ஆழத்துக் கடல் தண்ணீரை ஒரு விளக்கின் கண்ணாடி மூடி நிறைய வாங்கி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், ரஷ்யாக்காரர்கள் சொல்லிக்கொடுத்த சடங்கு, குடித்தவன்தான் ஆள். அவர் குடித்துவிட்டு, இவளுக்கும் வேண்டும் என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். நூறு மீட்டர் ஆழத்துத் தண்ணீர், சூரியனைப் பார்க்காத தண்ணீர். இவள் தோசை மாவு கட்டியாக இருக்கிறதே என்று பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து ஊற்றிக் கரைத்துவிட்டாள். அன்றைக்கு அவருடைய கேப்டன் வேறு சாப்பிட வந்திருந்தார். அந்த மனிதர், சர்தார்ஜி, முதல் விள்ளலை வாயில் போட்டு, கண்ணை மூடி, மெதுவாக மென்று, எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் படகில், நீர்மூழ்கியை அவர்கள் படகு என்றுதான் சொல்வார்கள், இருந்த எழுபத்தைந்து பேரும் அவளையும் ஒரு ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள், மிஸஸ் அப்பன் தோசையாலேயே தேறிவிட்டார் என்று. ஆவுடையப்பன் என்ற பெயர் அவர்கள் யார் வாயிலும் நுழையவில்லை, எல்லோருக்கும் அப்பன் சாப். அந்தக் கேப்டன் இப்போது இல்லை. ரேடியோ ஆபரேட்டர் இல்லை. சைக்கிள் கரியரில் காய்கறி வைத்துக்கொண்டு வந்து தருகிற சமையல்காரர் இல்லை. மெடல் வரிசை அப்படியே இருக்கிறது, அதைப் பார்த்தால் அடையாளம் சொல்கிறவர்கள் வரிசை குறைந்துகொண்டே வருகிறது.

அந்த டிசம்பர் பதினோராம் தேதி. எங்கே சுற்றினாலும் மனசு அங்கேதான் வந்து முட்டுகிறது. அன்று சனிக்கிழமை. அவள் கத்தரிக்காய் வாங்கினாள், பக்கத்து வீட்டுக் கன்னடத்துப் பெண்ணோடு மாட்டினி போனாள், என்ன படம் என்றுகூட நினைவில்லை, குண்டாக ஒருவன் சோபாவில் உட்கார்ந்து சோபா உடைந்தது, அதற்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், முன்வரிசை ஆள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அதே மத்தியானம் அவர் அரபிக் கடலுக்கு அடியில், மேலே ஒரு எதிரிக் கப்பல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது, அது போட்ட குண்டின் அதிர்ச்சியில் ஒரு குழாய் மூட்டு விரிந்து தண்ணீர் பீய்ச்சியது, கீழே பாட்டரி அறை, கடல்தண்ணீர் பாட்டரியில் பட்டால் விஷவாயு. அவர் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவை வெளியிலிருந்து பூட்டச் சொன்னார். பூட்டச் சொன்னது அவர்தான், இதை அவர் சொல்ல இருபது வருஷம் ஆயிற்று. மரக்கட்டை ஆப்பு இருந்தது, ஆனால் வெடிப்பு கோணல், ஆப்பு உட்காரவில்லை, சுற்றத் துணி வேண்டும், சுத்தியலால் அடிக்கக் கூடாது, மேலே எதிரி காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவர் இடுப்பில் வேட்டி. தலை தீபாவளிக்குக் காந்திமதியின் அப்பா எடுத்துக் கொடுத்த எட்டு முழம், மயில்கண் கரை. பேன்ட் போட்டால் தூக்கம் வராது என்று படகுக்குள் அதைக் கட்டிக்கொண்டுதான் படுப்பார், மாலுமிகள் அதை அப்பன் சாபின் கொடி என்பார்கள், தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்தவர் அவிழ்த்து ஆப்பைச் சுற்றிச் சுற்றி வைத்து, நாலு பேரும் கையாலேயே அழுத்திப் பிடித்தார்கள். பதினோரு மணி நேரம். ஒரு மணிக்கு இரண்டு பேர், அடுத்த மணிக்கு இரண்டு பேர். பேசக் கூடாது, செருப்பு கூடாது, இருமக் கூடாது. அதில் ஒரு வங்காளத்துப் பையனுக்கு விக்கல் வந்துவிட்டது. விக்கல்! எதிரி தலைக்கு மேலே, இவனுக்கு விக்கல். வேட்டியின் முந்தியை உருவி அவன் வாயில் திணித்தார்கள், அவன் கடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழிய விக்கினான், அதைப் பார்த்து மற்ற மூன்று பேருக்கும் சிரிப்பு, சிரிக்கவும் கூடாது, தோள் மட்டும் குலுங்குகிறது, தோள் குலுங்கினால் ஆப்பு நகர்கிறது. விக்கலைவிடச் சிரிப்புதான் பயமாக இருந்தது காந்தி என்று அவர் ஒருநாள் சொன்னார். மெடலோடு வந்த காகிதத்தில் இதெல்லாம் இல்லை. தன் உயிரைப் பொருட்படுத்தாமல், கைக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு, என்று ஒரு வரி இருக்கிறது. கைக்குக் கிடைத்த பொருள். மயில்கண் கரைக்காக அவள் அப்பா மூன்று கடை ஏறி இறங்கினார்.

ஆனால் அவள் சிரித்தாளே. அதுதான் முள். தேதியையும் நேரத்தையும் பிற்பாடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டபோது உடம்பு சில்லிட்டது. அவள் மாமியார் சொல்வாள், புருஷனுக்கு ஒன்று என்றால் பெண்டாட்டிக்குத் தாலிக்கயிறு கழுத்தில் சுடும் என்று. இவளுக்கு ஒன்றும் சுடவில்லை. கத்தரிக்காய் முற்றலா பிஞ்சா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் சுடவில்லை. தொட்டுப் பார்த்தாள், டிசம்பர்க் காற்றில் சங்கிலி குளிர்ந்துதான் இருந்தது. சுடாமல் இருப்பது நல்லதற்கா, அல்லது தெரிந்துகொள்ளும் உறுப்பே தனக்கு வைத்துப் பிறக்கவில்லையா. இந்த நிமிஷம் அவர் இதயம் நாலு விநாடி நிற்கிறது, ஐந்து, ஆறு, இவள் நாற்காலி நாடாவின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், யார் கட்டினார்களோ எல்லாம் ஒரே அளவு. பக்கத்து நாற்காலிப் பெண் அவள் மடியை எட்டிப் பார்த்தாள். தூத்துக்குடி, மரியபுஷ்பம் என்று பெயர், புருஷன் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர், போய்ப் பன்னிரண்டு வருஷமாம், வந்து உட்கார்ந்த இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். வலது பக்கம் ஜாக்கெட்டில் குத்திய மூன்று மெடல்களும் துணியைக் கீழே இழுத்துக்கொண்டு தொங்கின. "என்னம்மா, மடியில போட்டுத் தாலாட்டுதீக? குத்துங்க." "எங்க வீட்டுக்காரர் இருக்கார்." "எங்க?" "ஆஸ்பத்திரியில. இந்நேரம் நெஞ்சுல பேட்டரி வைக்கிறாங்க." மரியபுஷ்பம் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஆளு சார்ஜ் போட்டுட்டு ஜம்முனு வருவாரு" என்றாள். "இந்த வரிசையில உங்கள ஏன் உக்கார வச்சாக? எந்திச்சு அந்தால போங்க. இல்ல, இங்கயே இருங்க, எனக்குப் பேச ஆளு வேணும். ஆனா வலது பக்கம் குத்தாதீக, கேட்டீகளா? சேலைக்கு இடது பக்கம்தான் தோது. முந்தானை மடிப்பு நாலு தட்டு இருக்கு, நல்லாத் தாங்கும். நமக்கு வலது பக்கம்னு எவன் எழுதி வச்சானோ, அவன் பொண்டாட்டி சேலையே கட்டியிருக்க மாட்டா." காந்திமதிக்கு உதடு துடித்தது, சிரிப்பு வரும்போல இருந்தது, மாட்டினி நினைவு வந்து பாதியில் மடக்கிக்கொண்டாள்.

ஷெரின் மறுபடியும் அந்த வழியாக வந்தபோது மடியில் கிடந்த மெடல்களைப் பார்த்தாள், என்ன மேடம் என்று குனிந்தாள். சொன்னதும் அந்தச் சின்ன முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ. ஸாரி மேடம். வரலன்னதும் நான்... லிஸ்ட்ல..." "பரவாயில்லம்மா." "உங்க மக நம்பர் சொல்லுங்க, ஆபீஸ் லேண்ட்லைன்ல கேட்டுட்டு ஓடி வாரேன்." நம்பர். தொண்ணூற்று நாலு, அதற்கப்புறம். பம்பாய்க் குவார்ட்டர்ஸ் எண் தெரிகிறது, படகின் எண் தெரிகிறது, அவருடைய சர்வீஸ் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள், பெற்ற பெண்ணின் எண் போனுக்குள் இருக்கிறது, போன் வாசலில் இருக்கிறது. தொண்ணூற்று நாலு, நாற்பத்து மூன்றா, முப்பத்து நாலா. கைப்பையைக் கவிழ்த்தாள், கண்ணாடிக் கூடு, திருநீற்றுப் பொட்டலம், ஏலக்காய், ஆஸ்பத்திரிக் கார் நிறுத்தும் சீட்டு. சீட்டின் அடியில் ஆஸ்பத்திரி எண் அச்சடித்திருந்தது. ஷெரின் அதை வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சீருடையில் ஓடக் கூடாது என்று தெரிந்தும் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ஆப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மேலே என்ன சுற்றுகிறதோ சுற்றட்டும். அவர் சண்டை முடிந்து வந்த சாயங்காலம் கதவைத் திறந்தவள் யாரோ தாடிக்காரச் சாமியார் என்று நினைத்தாள், டீசல் வாடை முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். காலில் செருப்பில்லை. ஒரு மாதத்துப் பழக்கத்தில் குரல் எழும்பாமல், கிசுகிசுவென்று, "காந்தி, வேட்டி போயிட்டு" என்றார். பெண்டாட்டியைப் பார்த்ததும் சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லை அந்த மனுஷனுக்கு. அதற்குப் பிறகும் பல நாள் அவருக்குக் கிசுகிசுப்புத்தான், இவளும் கூடக் கிசுகிசுத்தாள், உப்பு வேணுமா, வேண்டாம், தூங்கலியா, இல்ல, கன்னடத்துப் பெண் இவர்களுக்குள் சண்டை என்று நினைத்துச் சமாதானம் பேச வந்தாள். செப்டம்பரில் பூரணி பிறந்தாள். மாட்டினிக்குப் போய்ச் சிரித்ததை அவள் ஒருநாள் அழுதுகொண்டே சொன்னபோது அவர் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். அப்புறம் சொன்னார், அதையும் கிசுகிசுத்துத்தான் சொன்னார். "நல்ல வேளை. எங்க நாலு பேரு சிரிப்பையும் சேர்த்து நீ ஒருத்தியாவது வாய்விட்டுச் சிரிச்சியே."

பத்து மணி தாண்டிப் பாண்டு நின்றது. நினைவுத் தூணுக்கு மலர் வளையம் வைத்தார்கள், கொம்பு ஊதினார்கள், எல்லோரும் எழுந்து நின்றார்கள். இரண்டு நிமிஷ மௌனம். முந்நூறு பேர் நிற்கிற இடத்தில் கொடிக்கயிறு கம்பத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் டிக் டிக் என்று கேட்டது, விட்டு விட்டு, ஒரு இடத்தில் நின்று, மறுபடியும் தொடங்கி. நிற்காதே என்று அதற்குச் சொன்னாள். மெடல் பட்டை கையில் கனத்தது. இரண்டு பக்கமும் வரிசையாக வலது பக்கத்து மெடல்கள், அவற்றை வாங்கினவர்கள் எல்லோரும் எங்கேயோ மௌனமாக இருக்கிறார்கள், அந்த மௌனத்துக்கு அடியில் இறங்கினால் சூரியனைப் பார்க்காத தண்ணீர். அவருக்கும் ஒருநாள் அங்கே இடம் உண்டு. இன்றைக்கா. இன்றைக்கு வேண்டாம். யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டாள், இன்றைக்கு வேண்டாம். பந்தலின் பின்பக்கத்திலிருந்து ஷெரின் வந்தாள். மௌனத்தில் நடக்கக் கூடாது, நடந்தாள், நுனிக்காலில், சத்தமில்லாமல், செருப்பைக் கழற்றிவிட்ட படகுக்காரி மாதிரி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இடைவெளியில் நுழைந்து, பக்கத்தில் வந்து நின்று, வாயை அவள் காதருகே கொண்டுவந்தாள். கிசுகிசுவென்று சொன்னாள்: "ஆபரேஷன் முடிஞ்சிட்டு மேடம். சார் நல்லா இருக்காங்க. ஆனா..." காந்திமதி பித்தளை வில்லையை இறுக்கினாள். ஆனா? "ஆனா வேட்டி எங்க, வேட்டி எங்கன்னு அந்த வார்டையே ரெண்டாக்குறாங்களாம். உங்க மக சொல்லச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல மேடம்."

சிரிப்பு வந்தது. மடக்கப் பார்த்தாள். கைக்குட்டையை வாயில் வைத்தாள், தோள் குலுங்கியது, ஏழு மெடலும் கிலுகிலு என்று சேர்ந்து குலுங்கின, அந்த மௌனத்தில் அது கோயில் சதங்கை மாதிரிக் கேட்டது, கேட்டதும் கைக்குட்டை தாங்கவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டாள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. மரியபுஷ்பம் என்ன ஏது என்று கேட்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தாள், அது போதுமாக இருந்தது, அவளும் தொடங்கிவிட்டாள், அவளுக்கு அடுத்தவள் புடவைத் தலைப்பால் வாயை மூடினாள், கண்ணில் நீர் வழிய அந்த வரிசை முழுக்கத் தோள் தோளாக அலை போயிற்று. நல்ல வேளை, கொம்பு மறுபடியும் ஊதிவிட்டது. உட்கார்ந்ததும் காந்திமதி முந்தானை மடிப்பை நீவி விட்டுக்கொண்டு, பட்டையை இடது பக்கம் வைத்துப் பார்த்தாள். பட்டுத் தட்டுகளில் ஊக்கு நுழையவில்லை. ஷெரின் ஒரு விநாடி யோசித்தாள், பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, முறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், நாலு தட்டு மடிப்பிலும் ஊக்கை இறக்கிக் குத்திவிட்டு, வீர் சக்ரா நேராகத் தொங்குகிறதா என்று பின்னால் சாய்ந்து பார்த்தாள். தாங்கியது. இழுக்கவே இல்லை.

மெடல் வாங்கினவர்களைக் கௌரவிக்கிற நேரம் வந்தது, அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்கு ஏறுகிற நேரம் ஒலிபெருக்கியில் அந்தக் காகிதத்தை ஆங்கிலத்தில் படித்தார்கள், தன் உயிரைப் பொருட்படுத்தாமல், என்று வந்தது, அடுத்த வரி வரப்போகிறது என்று தெரிந்து அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், கைக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு, என்று வந்தது. பூங்கொத்தோடு நின்ற பெரிய அதிகாரியின் கண் முதலில் அவள் இடது மார்புக்குப் போயிற்று, அங்கே ஒரு கணம் நின்றது, பிறகு முகத்துக்கு வந்தது. கமாண்டர் அப்பன் வரவில்லையா என்று மெதுவாகக் கேட்டார், வட இந்தியர், கேட்கலாமா என்ற தயக்கம் குரலில் இருந்தது. காந்திமதி ஐம்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டில் கிசுகிசுத்துப் பேசியவள், நிமிர்ந்து நின்று, ஒலிபெருக்கிக்குக் கேட்கிற மாதிரி, அவருக்குப் புரியாத தமிழில் சொன்னாள்.

"வேட்டி இல்லாம எப்படிங்க வருவார்?"

கீழே ஷெரின் வாயைப் பொத்திக்கொள்ள, இரண்டாவது வரிசையிலிருந்து மரியபுஷ்பத்தின் சிரிப்பு மேடை வரைக்கும் கேட்டது.